மலைச்சரிவில் சாய்ந்த சுவர்: கட்டட ஒப்பந்தக்காரரின் பொறுப்பும் குடைக் காப்பீடும்

வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் பயணம் செய்வோர் வீடுகளைக் காண்பதற்கு முன் சுவர்களைக் காண்கின்றனர். மலையை வெட்டிய இடங்களில் மண் சரியாது தாங்கி நிற்கும் கருங்கல் தடுப்புச் சுவர்கள் அவை. பழனி மலைத்தொடரில் வீடு கட்டுவோரின் நிலை சமவெளியில் கட்டுவோரின் நிலையினின்றும் வேறானது. இங்கே ஒருவருடைய கடைக்கால் மற்றொருவருடைய கூரைக்கு மேலே அமைகின்றது. மேலே வெட்டிய மண் கீழே குடியிருப்பவரின் முற்றத்தில் வந்து விழுகின்றது. எனவே, கட்டும் பொழுதோ கட்டி முடித்த பின்னரோ ஒரு கட்டடம் பிறருக்கு ஊறு விளைவித்தால் அதற்கு ஈடு செய்ய வேண்டியவர் யார் என்னும் வினா, மலையில் ஒவ்வொரு சுவரோடும் உடன் எழுகின்றது.

இவ்வினாவுக்கு இன்றைய வணிக உலகம் அளிக்கும் விடைகளுள் ஒன்று, கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கான ‘குடைக் காப்பீடு’ என்பதாகும். இப்பெயர் நம்மிற் பலருக்குப் புதியது. ஆனால் அதன் பின்னணியிலுள்ள சிக்கல் மிகப் பழமையானது. நம் ஃபுகஹாக்கள் அதனை நுணுகி ஆராய்ந்துள்ளனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையைக் கட்டியவர்கள்

1821ஆம் ஆண்டில் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு பழனி மலைகளில் அளவாய்வு செய்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் கோடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினர். 1863இல் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு ஓடையொன்றை மறித்து ஏரியை உருவாக்கினார். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

வண்டிகள் ஏறத்தக்க மலைச்சாலை, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் முழுமை பெற்றது. அதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து செண்பகனூர் வழியாக ஏறும் செங்குத்தான பாதையே போக்குவரத்துக்கு வழி. துரைமார்களை டோலியிலும் நாற்காலியிலும் கூலியாட்கள் சுமந்தனர். கட்டடங்களுக்கு வேண்டிய பொருள்களும் அவ்வாறே தலைச்சுமையாகவும் பொதிமாடுகளின் முதுகிலும் மேலேறின. ஏரிக்கும் பாதைக்கும் பெயர் கொடுத்தோரை நாம் அறிவோம். கல்லுடைத்த ஒட்டர், சுவரெழுப்பிய கொத்தனார், கால் வழுக்கிப் பள்ளத்தில் வீழ்ந்த சுமைகூலி ஆகியோரின் பெயர்கள் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

அன்றைய சட்டமும் அவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. 1837இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ‘பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர்’ வழக்கிலிருந்து ஒரு கோட்பாடு வளர்ந்தது. உடன் வேலை செய்பவனின் கவனக்குறைவால் தொழிலாளி ஒருவன் அடிபட்டால் முதலாளி பொறுப்பாளி ஆகார் என்பதே அது. அதே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, 1868இல் ‘ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெச்சர்’ வழக்கில் வேறொரு போக்கினை மேற்கொண்டது. ஆலை உரிமையாளர் ஒருவர் ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு நீர்த்தேக்கம் கட்டினார். அடியிலிருந்த பழைய சுரங்கக் குழிகளை அவர்கள் சரிவர அடைக்கவில்லை. நீர் உடைத்துக்கொண்டு அண்டையாரின் நிலக்கரிச் சுரங்கத்துள் பாய்ந்தது. உரிமையாளர் பக்கம் தவறேதும் காணப்படாத போதிலும், ஆபத்தான ஒன்றைத் தம் நிலத்தில் தேக்கியவர் அதனால் விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாளர் என்று சபை தீர்ப்பளித்தது. ஒரே சட்டத்தின் கீழ், கீழ்ச்சரிவிலிருந்த சொத்துக்குக் கிடைத்த காவல், மேலே வேலை செய்துகொண்டிருந்த உயிருக்குக் கிடைக்கவில்லை.

இந்நிலை மெல்லவே மாறியது. பிரிட்டனில் 1880, 1897ஆம் ஆண்டுச் சட்டங்களும், இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டமும் வேலையின்போது நேரும் விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கின. உடன் தொழிலாளி என்னும் சாக்கினை 1938ஆம் ஆண்டின் முதலாளிகள் பொறுப்புச் சட்டம் நீக்கியது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஒருவர் தம் தொழில் அல்லது வணிகத்தின் பொருட்டு ஒரு வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடுவாராயின், அவ்வொப்பந்தக்காரரின் தொழிலாளிக்கு அவரே நேரடியாக ஈடு செய்தல் வேண்டும். பின்னர் அத்தொகையை ஒப்பந்தக்காரரிடமிருந்து அவர் மீட்டுக்கொள்ளலாம். பொறுப்பு மேலிருந்து கீழ்நோக்கி உப ஒப்பந்தக்காரர், மேஸ்திரி, கொத்தனார் எனத் தள்ளப்பட்டு, இறுதியில் எவரிடமும் இல்லாது மறைந்துபோகும் வழக்கத்துக்கு இப்பிரிவு ஓர் அணை கட்டியது.

குடையின் அமைப்பு

சட்டம் பொறுப்பை உறுதி செய்தவிடத்தில் காப்பீடு பின்தொடர்ந்து வருதல் இயல்பு. கட்டுமானத்தின்போது நேரும் இழப்புகள் அனைத்துக்குமான ‘ஒப்பந்தக்காரர் அனைத்து இடர்’ பாலிசி, 1929இல் லண்டனின் லாம்பெத் பாலத்துக்கென முதன்முதலில் வழங்கப்பட்டதாகக் கூறுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் லண்டன் லாயிட்ஸ் சந்தையிலிருந்து குடைப் பாலிசி அமெரிக்க வணிகர்களிடையே பரவியது. இந்தியாவில் 1973 ஜனவரி முதல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாகி, 107 நிறுவனங்கள் நான்காக ஒருங்கிணைக்கப்பட்டன. அந்நான்கனுள் ஒன்றாகிய யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் அமைந்தது. 2000க்குப் பின் தனியார் நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது.

குடைப் பாலிசியின் அமைப்பு எளியது. ஒப்பந்தக்காரர் ஒருவர் முதலில் அடிப்படைப் பாலிசிகளை வைத்திருத்தல் வேண்டும். தொழிலாளர் விபத்துக்கு ஒன்று, வழிப்போக்கர், அண்டை வீட்டார் முதலிய மூன்றாம் தரப்பினருக்கு ஒன்று, வாகனங்களுக்கு ஒன்று என அவை அமையும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அவ்வரம்பு தீர்ந்த பின் எஞ்சிய தொகையைத் தருவது குடை. அடிப்படைப் பாலிசி 1 கோடி ரூபாய்க்கும் குடை 5 கோடி ரூபாய்க்கும் இருக்க, நீதிமன்றம் 4 கோடி ரூபாய் ஈடு விதித்ததாகக் கொள்வோம். முதற் கோடியை அடிப்படைப் பாலிசியும், எஞ்சிய 3 கோடியைக் குடையும் தரும். அடிப்படைப் பாலிசியைப் புதுப்பிக்காது விட்டிருந்தால் முதற் கோடியை ஒப்பந்தக்காரர் தம் கையிலிருந்தே தருதல் வேண்டும். அந்த இடைவெளியைக் குடை நிரப்பாது.

இத்தகைய ஏற்பாடு எதற்கு என்பதை 2014 ஜூன் 28ஆம் நாள் சென்னைக்கு அருகிலுள்ள மௌலிவாக்கம் காட்டியது. கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த மாலையில் சரிந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் அவர்களுட் பலர். அருகிலிருந்த மற்றொரு கட்டடம் 2016 நவம்பர் 2இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஓரிருவர் விபத்தை எண்ணி எடுக்கும் பாலிசி, ஒரே கணத்தில் அறுபது குடும்பங்கள் கதியற்று நிற்கையில் போதாது.

எனினும் குடைக்கும் எல்லை உண்டு. அறிந்தே செய்த தவறு, சட்டத்தை மீறியதற்கான அபராதம் ஆகியவற்றை அது ஏற்காது. பாலிசி எடுத்தவர் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளாது தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ, தாமே சமரசம் பேசித் தொகையை முடிவு செய்தாலோ அதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. இவ்விலக்குகளை வாசிக்கும் ஃபிக்ஹு மாணவர் எவரும் ஒரு கணம் வியந்து நிற்பார். அவர் இவற்றை வேறோரிடத்தில் முன்பே கற்றிருக்கிறார்.

ஃபிக்ஹு நூல்களில் கட்டடப் பொறுப்பு

தவறுதலாக நேர்ந்த கொலைக்குரிய தியத்தைக் குற்றவாளி தனித்துச் சுமப்பதில்லை. அவருடைய ‘ஆகிலா’ எனப்படும் கூட்டத்தார் அதனை மூன்றாண்டுத் தவணைகளில் பகிர்ந்து செலுத்துவர். பழைய அரபகத்தில் ஆகிலா என்பது குலத்தாரைக் குறித்தது. கலீஃபா உமர் (ரலி) படைவீரர்களின் ஊதியப் பதிவேடாகிய ‘தீவானை’ ஏற்படுத்திய பின், ஒரே பதிவேட்டில் உள்ளோரே ஒருவருக்கொருவர் ஆகிலா ஆவர் என ஹனஃபீ அறிஞர்கள் முடிவு செய்தனர். இரத்த உறவு சுமந்த பாரம் தொழில் உறவின் தோளுக்கு மாறிய இத்திருப்பம், பொறுப்பின் வரலாற்றில் பெரிய நிகழ்வாகும்.

அந்த ஆகிலாவும் சிலவற்றைச் சுமப்பதில்லை. வேண்டுமென்றே செய்த கொலைக்கும், குற்றவாளி தாமாக ஒப்புக்கொண்டதால் மட்டும் நிலைபெற்ற கடமைக்கும், சமரசமாகப் பேசி ஏற்றுக்கொண்ட தொகைக்கும் ஆகிலா பொறுப்பன்று. இன்றைய பாலிசிகளின் விலக்குகளும் இவையே. இரண்டுக்குமிடையே வரலாற்றுத் தொடர்பு உண்டென நாம் வாதிடவில்லை. பலருடைய பணத்தால் ஒருவரின் பிழையை ஈடு செய்ய முனையும் எந்த ஏற்பாடும் இவ்வெல்லைகளை வந்தடையாமல் நிலைக்க முடியாது என்பதே நாம் காணும் உண்மை.

கட்டடத்தைப் பற்றி நூல்கள் கூறுவன இதனினும் நுட்பமானவை. ஹிஜ்ரி 593இல் (1197) மறைந்த புர்ஹானுத்தீன் அல்-மர்கீனானீ (ரஹ்) இயற்றிய ‘அல்-ஹிதாயா’வில் சாய்ந்த சுவருக்கெனவே ஒரு தனிப் பகுதி உள்ளது. பொதுவழியை நோக்கிச் சுவரொன்று சாயுமாயின், அதனை இடித்துவிடுமாறு உரிமையாளரிடம் சாட்சிகளோடு கோரிக்கை வைத்தல் வேண்டும். இடிப்பதற்குப் போதிய அவகாசம் இருந்தும் அவர் வாளாவிருந்து, பின்னர் அது விழுந்து எவரேனும் மாண்டால் ‘ளமான்’, அதாவது ஈடு செய்யும் பொறுப்பு, அவர் மீது ஏறும். இக்கோரிக்கையை முஸ்லிமும் வைக்கலாம், முஸ்லிமல்லாத குடிமகனும் வைக்கலாம். ஏனெனில் வழி அனைவருக்கும் உரியது. சுவரைத் தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால் எச்சரிக்கை ஏதும் தேவையில்லை. கட்டியதே வரம்பு மீறல்.

நம் கடற்கரையூர்களில் பெருவழக்காயுள்ள ஷாஃபியீ மத்ஹபில், நேராகக் கட்டிய சுவர் பின்னர் சாய்ந்து விழுந்தால் ளமான் இல்லை என்பதே வலுவான கூற்று. சீர்செய்ய இயன்றும் விட்டுவிட்டால் ளமான் உண்டு என்னும் மற்றொரு கூற்றும் இமாம் நவவீயின் (ரஹ்) ‘மின்ஹாஜி’ல் பதிவாகியுள்ளது. ஆனால் வீதியை நோக்கிச் சாய்த்தே கட்டியவர் பொறுப்பாளர் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

ஒப்பந்தக்காரரைப் பற்றியும் ஹிதாயா பேசுகின்றது. வீட்டுக்காரர் கூலிக்கு ஆளமர்த்தி வீதியின் மேல் ஒரு நீட்டுக் கட்டடம் அமைக்கின்றார். வேலை முடியுமுன் அது விழுந்து ஒருவரைக் கொன்றால் ளமான் வேலையாட்களைச் சாரும். முடித்து ஒப்படைத்த பின் விழுந்தால் வீட்டுக்காரரைச் சாரும். இன்றைய கட்டுமானப் பாலிசிகளில் ‘ஒப்படைக்கும் நாள்’ பொறுப்பின் எல்லைக்கோடாக அமைந்திருப்பதைக் காப்பீட்டுத் துறையினர் நன்கறிவர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அக்கோடு இழுக்கப்பட்டுவிட்டது.

இந்நூலைச் சார்ல்ஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1791இல் வெளியிட்டார். மணம் முதலியன பற்றிய பகுதிகளையே நீதிமன்றங்கள் பெரிதும் பயன்படுத்தின. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பின் தியத் பற்றிய பகுதிகளுக்கு இங்கு நீதிமன்றத்தில் இடமில்லாது போயிற்று. உதுமானியப் பேரரசில் 1869க்கும் 1876க்கும் இடையே தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’வின் 928ஆம் விதி சாய்ந்த சுவரை மீண்டும் சட்டமாக்கியது. அறிஞர் அப்துர்ரஸ்ஸாக் அஸ்ஸன்ஹூரீயின் முயற்சியால் உருவான 1948ஆம் ஆண்டின் எகிப்தியக் குடிமைச் சட்டம், அதன் 651ஆம் விதியில், கட்டடக் கலைஞரையும் ஒப்பந்தக்காரரையும் பத்தாண்டுகளுக்குக் கூட்டாகப் பொறுப்பாக்கியது. இதன் மூலம் 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டமே. வளைகுடா நாடுகளில் கட்டுமானத் தொழில் செய்யும் நம்மவர் பலருக்கு இப்பத்தாண்டுப் பொறுப்பு அன்றாட அனுபவம்.

கோடைக்கானலில் ஓர் எச்சரிக்கை

இனி மீண்டும் மலைக்குத் திரும்புவோம். தமிழகத்தின் மலைப்பகுதிகளைக் காக்கும் பொருட்டு 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. கோடைக்கானலில் இரு தளங்களுக்கு மேல் எழுப்பலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்த நிலையில், ‘பிளசன்ட் ஸ்டே’ என்னும் விடுதி ஏழு தளங்களாக உயர்ந்தது. 1994 மே மாதத்தில் அரசு அதற்கு விதிவிலக்கு அளித்து ஆணையிட்டது. 1985இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விதிவிலக்கை நீக்கியது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பினை நிலைநிறுத்தியது.

இதன் தொடர்ச்சி யாவரும் அறிந்தது. விதிவிலக்கு வழங்கிய குற்றச்சாட்டில் முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் 2000 பிப்ரவரி 2இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அன்று தருமபுரியில் எரிக்கப்பட்ட பேருந்தில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் உயிரிழந்தனர். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. மலையில் எழுந்த அக்கட்டடத்தின் ஒரு கல்லும் எவர் மீதும் விழவில்லை. ஆயினும் அதனையொட்டி எழுந்த தீயில் அக்கட்டடத்தோடு தொடர்பே இல்லாத மூன்று இளம்பெண்கள் மாண்டனர்.

இந்நிகழ்வினை ஃபிக்ஹின் கண்கொண்டு நோக்கினால் இரு செய்திகள் புலப்படுகின்றன. அனுமதியை மீறி எழும் தளம், தொடக்கத்திலேயே சாய்த்துக் கட்டிய சுவரை ஒத்தது. அதற்கு எவரும் எச்சரிக்கை விடுக்க வேண்டியதுமில்லை. அப்படியிருந்தும் பாதுகாப்பு மன்றம் முன்வந்து கோரிக்கை வைத்தது. வழி அனைவருக்கும் உரியதாகையால் இடிக்கக் கோரும் உரிமையும் அனைவருக்கும் உண்டு என்ற பழைய விதியை, பொதுநல வழக்கு என்னும் பெயரில் அது மலையில் நடத்திக் காட்டியது.

இதன் பின்னரும் விதிமீறல் ஓயவில்லை. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி கோடைக்கானலில் அனுமதியற்ற விடுதிகள் பலவற்றுக்கு முத்திரையிடப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2018 நவம்பரில், கஜா புயல் அம்மலையில் மண்சரிவுகளை ஏற்படுத்திச் சென்றிருந்தது. அனுமதியற்ற தளம் ஒன்று சரிந்து உயிரிழப்பு நேர்ந்தால், அடிப்படைப் பாலிசியோ குடையோ துணை நிற்கும் என எந்த ஒப்பந்தக்காரரும் நம்பியிருத்தல் கூடாது. அறிந்து செய்த மீறலை ஆகிலாவும் சுமக்கவில்லை. பாலிசியும் சுமக்காது.

காப்பீடு ஆகுமா?

வணிகக் காப்பீடு பற்றி மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேற்றுமையை நாம் மறைக்கவில்லை. டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ், மறைவு 1836), கப்பல் வணிகர்களிடையே ‘ஸௌகரா’ எனப்பட்ட காப்பீட்டை ஆராய்ந்து ஆகாது என்றார். இருபதாம் நூற்றாண்டின் முஸ்தஃபா அஸ்ஸர்கா, ஆகிலா முதலியவற்றை ஒப்புநோக்கி ஆகும் என்றார். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1985இல், நிலையான பிரிமியம் கொண்ட வணிகக் காப்பீட்டை மறுத்து, கூட்டுறவு அடிப்படையிலான காப்பீட்டை ஏற்றது. 1979இல் சூடானிலும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மலேசியாவிலும் ‘தகாஃபுல்’ வடிவம் பெற்றது. சட்டம் கட்டாயமாக்கிய காப்பீட்டை நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அனுமதித்தோரும் உளர். வாசகர்கள் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது முறை. ஆனால் காப்பீடு ஆகாது என்போரும் ளமான் இல்லை என்று கூறவில்லை என்பதை இங்கே நினைவூட்டல் வேண்டும். பாலிசி எடுக்காதவரின் பொறுப்பு குறைவதில்லை. அவர் அதனைத் தம் கையிருப்பிலிருந்து நிறைவேற்றக் கடமைப்பட்டவர்.

நம் கட்டடங்கள்

இவ்விடத்தில் நம்மையே நாம் வினவிக்கொள்ளுதல் தகும். மலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் ஆண்டுதோறும் வீடுகளும் மஸ்ஜிதுகளும் மதரஸாக்களும் எழுகின்றன. பெரும்பாலும் மேஸ்திரி ஒருவரிடம் வாய்மொழியாகவோ ஒற்றைத் தாளிலோ வேலை ஒப்படைக்கப்படுகின்றது. கம்பி, சிமென்ட் விலைகள் விரிவாகப் பேசப்படுகின்றன. சாரத்திலிருந்து சித்தாள் ஒருத்தி விழுந்தால் யார் பொறுப்பு என்பது பேசப்படுவதில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ‘தம் தொழில் அல்லது வணிகத்தின் பொருட்டு’ வேலை கொடுப்பவரையே கட்டுப்படுத்தியது. தமக்கென வீடு கட்டுபவரும் பள்ளிவாசல் நிர்வாகமும் அச்சொற்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. எனவே முழுப் பொறுப்பும் மேஸ்திரியைச் சார்கின்றது. அவரோ பல வேளைகளில் அச்சித்தாளைப் போலவே வறியவர். வறியவர் மீது விதிக்கப்பட்ட ஈடு தாளில் மட்டுமே இருக்கும்.

இவ்விடைவெளியை அடைக்கும் வழிகள் அரியனவல்ல. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானச் செலவில் குறைந்தது நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நலனுக்காகத் தீர்வையாகப் பெறப்பட்டது. தமிழகத்தில் 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அத்தகைய நிதியிலிருந்து, பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு உதவி வழங்கி வந்துள்ளது. கட்டுவோர் அனைவரிடமும் பெற்று, அடிபட்டோருக்கு அளிக்கும் இவ்வேற்பாடு, உமர் (ரலி) அவர்களின் தீவானை நமக்கு நினைவூட்டுகின்றது. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே வேலை தொடங்குமுன் தொழிலாளர் அனைவரும் பதிவு பெற்றுள்ளனரா என்று கேட்பதும், ஒப்பந்தத்தை எழுத்தில் அமைப்பதும், விபத்துக்கான ஏற்பாடு யாருடையது என்பதை அதில் குறிப்பதும், அதற்காகும் சிறு தொகையைக் கட்டுமானச் செலவிலேயே சேர்ப்பதும் ஜமாஅத் நிர்வாகங்களுக்கும் வீடு கட்டுவோருக்கும் இயலாதன அல்ல. மினாராவை நான்கடி உயர்த்தச் செல்வந்தரிடம் நன்கொடை கேட்கும் நாம், அதன் உச்சியில் நிற்பவரின் உயிருக்காகவும் கேட்கலாம்.

தமிழ் மரபில் குடை என்னும் சொல்லுக்கு ஆழ்ந்த பொருளுண்டு. வேந்தனின் வெண்கொற்றக் குடை அவன் தலைக்கு வெயில் படாமற் காப்பதற்கன்று, குடிகளுக்கு நிழல் தருவதற்கே என்பது சங்கப் புலவர் கண்ட கருத்து. காப்பீட்டுச் சந்தையின் குடை, பிடித்திருப்பவரின் சொத்தைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. அவருடைய சொத்தைக் காப்பதன் வழியாகவே கீழிருப்பவருக்கும் ஈடு கிடைக்கின்றது. அதனைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அது கைப்பிடியுள்ள குடை. அனுமதியோடு, அளவோடு, சாரமும் முட்டும் சரிபார்த்துக் கட்டுவதே அக்கைப்பிடி. கோடை மலையின் தடுப்புச் சுவர்களில் மழைநாட்களில் விரிசல் காணும்பொழுது, கீழே குடியிருப்பவர் மேலே வந்து கதவைத் தட்டுவார். அவருக்குச் செவி சாய்த்துச் சுவரைச் செப்பனிடுபவருக்குக் குடையை விரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் நேர்வதில்லை.